ஒரு ஜோடி முயலும் அதன் சந்ததியும்

குழித்துறை ஆற்றின் இரு கரைகளிலும் உள்ளே செல்லுகிற ஊர்வழிகளில், தென்னையும் வாழையும் மரச்சீனியும் கலந்து நிற்கும் விளைகளின் நடுவே, ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக அமைந்த வீடுகளே விளவங்கோடு தாலுகாவின் வழக்கம்; அவற்றுள் முற்றத்தின் ஓரத்திலோ அடுக்களையின் பின்புறத்திலோ ஒரு சிறு கூட்டுக்கு இடமில்லாத வீடு அபூர்வம். அப்படிப்பட்ட வீட்டில், பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்பதற்காக ஒரு ஜோடி முயல் வந்து சேருகிறது. ஒற்றையாக இருந்தால் ஏங்கிப்போகும், ஜோடியாக வாங்குங்கள் என்று விற்பவர் சொல்லுவதில் பாதி உண்மை உண்டு. முயல் கூட்டமாக வாழும் பிராணி, துணையில்லாவிட்டால் அது வாடவே செய்யும். ஆனால் அந்தத் துணை ஆணும் பெண்ணுமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை என்ற மற்றொரு பாதியை அவரும் சொல்லுவதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. ஓரிரு மாதத்தில் கூட்டின் மூலையில் ரோமக் குவியல் ஒன்று அசைவதைக் கண்டு வீடு முழுவதும் மகிழ்கிறது. அந்த மகிழ்ச்சி தணிவதற்குள் இரண்டாவது ஈற்றும் வந்துவிடுகிறது. ஆறு மாதம் கழிவதற்குள், இவற்றுக்குத் தழை ஒடித்துப் போடுவது யார், கூட்டைக் கழுவுவது யார், இனிப் பிறப்பவற்றை எங்கே விடுவது என்ற கவலை அந்த வீட்டின் நித்திய விசாரமாகிவிடுகிறது.

இந்தக் கவலைக்குக் காரணம் அந்த வீட்டாரின் அசிரத்தை என்று நான் கருதவில்லை. ஆட்டையும் மாட்டையும் கோழியையும் தலைமுறை தலைமுறையாகப் பழகி அறிந்த நம் ஜனங்களுக்கு, வளர்ப்புமுயலின் தேக தர்மம் புதியது. நம் விளைகளிலும் குன்றுகளிலும் அந்தியில் துள்ளி ஓடும் காட்டுமுயல் வேறு இனம். பழந்தமிழ்ப் புலவர்கள் பாடியதும் அதைத்தான். காட்டுமுயலின் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறந்து, சிறிது நேரத்திலேயே தத்தித் திரியத் தொடங்கிவிடும். கூட்டில் நாம் வளர்க்கும் முயலோ ஸ்பெயின், போர்ச்சுகல் தேசங்களில் மண்ணைக் குடைந்து வளைகளில் வாழ்ந்த இனத்தின் வழிவந்தது. அதன் குட்டி ரோமமின்றி, கண் மூடி, செவி அடைத்து, தாயின் ரோமமெத்தையை நம்பியே பிறக்கிறது. நரியும் கழுகும் கீரிப்பிள்ளையும் ஓயாமல் வேட்டையாடிக் குறைத்துக்கொண்டிருந்த ஒரு குலம், தான் அழியாமல் இருப்பதற்கு இயற்கையிடம் பெற்ற உபாயம் ஒன்றே ஒன்று. அதுதான் விரைவான சந்தான விருத்தி. வேட்டையாடுவார் எவருமில்லாத நம்முடைய கூட்டிலும் அந்த உபாயம் நிற்பதில்லை.

அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்லவேண்டும். பசுவுக்கும் ஆட்டுக்கும் பருவம் என்று ஒன்று குறித்த நாட்களில் வந்து போகிறது. அந்த நாள் தப்பினால் அடுத்த சுற்று வரையில் காத்திருக்கவேண்டும். பெண் முயலுக்கு அந்தச் சுற்று இல்லை. ஆணோடு சேர்ந்த பிறகு, அந்தச் சேர்க்கையின் தூண்டுதலாலேயே பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அதன் உடலில் கருமுட்டைகள் வெளிப்படுகின்றன. ஆகையால் அநேகமாக எந்த நாளும் அதற்குப் பருவ நாளே. கர்ப்பகாலம் ஏறத்தாழ 31 நாள். ஓர் ஈற்றில் நாலு முதல் எட்டுக் குட்டிகள் சாதாரணம். பெரிய இனங்களில் பத்துக்கு மேலும் உண்டு. இவற்றையெல்லாம்விட முக்கியமான செய்தி ஒன்று: ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் முயல் மீண்டும் ஆணை ஏற்றுக்கொள்ளும். மடியில் பால் குடிக்கும் குட்டிகள் இருக்க, வயிற்றில் அடுத்த ஈற்று வளரும். வீட்டாரைத் திணற அடிப்பது முதல் ஈற்றன்று. முதல் ஈற்றைக் கொண்டாடிக்கொண்டிருக்கும் அதே நாளில், ஆணும் அதே கூட்டில் இருப்பதால், ஒருவரும் அறியாமல் தொடங்கிவிடும் இரண்டாவது ஈற்றுதான்.

முயலின் பெருக்கத்தைக் கணிதமாக்கியவர் பீஸா நகரத்து லியோனார்டோ. பிபொனாச்சி என்று உலகம் அவரை அழைக்கிறது. 1202-இல் அவர் எழுதிய கணித நூலில், ஒரு ஜோடி முயல் மாதந்தோறும் ஒரு ஜோடியை ஈனும், பிறந்த ஜோடி இரண்டாம் மாதத்திலிருந்து தானும் ஈனத் தொடங்கும் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டின் முடிவில் எத்தனை ஜோடி இருக்கும் என்று கேட்டு, 377 என்று விடை கண்டார். அந்த எண் வரிசையை, குறிலும் நெடிலும் விரவி வரும் யாப்பின் வகைகளைக் கணக்கிடும்போது, அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே நம் தேசத்தில் ஹேமசந்திரர் கண்டு எழுதியிருந்தார் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. பிபொனாச்சியின் கணக்கில் மரணமில்லை, நோயில்லை; உண்மையில் முயல் அத்தனை சீக்கிரம் பருவமடைவதும் இல்லை, சிறிய இனங்களுக்கு மூன்றரை மாதமும் நடுத்தர இனங்களுக்கு நாலைந்து மாதமும் ஆகிறது. ஆனால் அவருடைய முயல் ஒரு தடவைக்கு இரண்டே குட்டி போட்டது. நம் கூட்டு முயலோ ஆறு போடுகிறது. ஆணைப் பிரிக்காமல் விட்ட ஒரே ஒரு தாய், மாதம் ஆறு வீதம், ஆறு மாதத்தில் 36 குட்டிகளை ஈனக்கூடும். அதற்குள் தலையீற்றின் பெண் குட்டிகளும் தம் தகப்பனாலோ உடன்பிறந்த ஆணாலோ சினைப்பட்டிருக்கும். அந்தத் தாயின் நிலை பரிதாபமானது. எலும்பும் தோலுமாகி, ரோமம் உதிர்ந்து, பாலுக்குச் சக்தியில்லாமல், பிறந்த குட்டிகளைக் காப்பாற்ற இயலாமல் அது படும் துன்பத்தைக் கண்டவர்கள், பெருக்கத்தை ஒரு வேடிக்கையாகப் பேசமாட்டார்கள்.

தேசங்களே இந்தப் பெருக்கத்தின் முன் கைபிசைந்து நின்றிருக்கின்றன. மத்தியதரைக் கடலின் பலேரிக் தீவு வாசிகள், முயல்கள் தங்கள் விளைச்சலை அழித்துப் பஞ்சத்தை உண்டாக்குவதாகவும், படைவீரரை அனுப்பி உதவவேண்டுமென்றும் ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸிடம் முறையிட்டதாகப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில், 1859-ஆம் ஆண்டு தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார், வேட்டையாடி மகிழ்வதற்கென்று இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்தார்; அவருக்கு அனுப்பப்பட்டவை இரண்டு டஜனே. அரை நூற்றாண்டுக்குள் அவற்றின் சந்ததி அந்தக் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியா 1901-இல் தொடங்கி 1907 வரையில் ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் வேலி கட்டியும், வேலிக்கு அப்பாலும் முயல் போயிற்று. 1950-இல் ஒரு நோய்க்கிருமியை வேண்டுமென்றே பரப்பிக் கோடிக்கணக்கில் கொல்லவேண்டிய நிலை வந்தது. மனிதன் யோசனையின்றிக் கொண்டுவந்து விட்ட பிழைக்கு, ஒன்றும் அறியாத அந்த ஜீவன்கள் தண்டம் செலுத்தின.

நம் முற்றத்துக்குத் திரும்புவோம். குட்டிகள் பிறந்தன என்று தெரிந்தவுடனே செய்யவேண்டிய முதற் காரியம், குட்டிகளை எண்ணுவதற்கும் முன்பாக, ஆண் முயலை எடுத்து வேறு கூட்டில் விடுவது. மரப்பெட்டியோ கவிழ்த்த கோழிக்கூடோ கிடைத்ததில் விட்டாலும் சரி. நல்ல கூடு நாளைக்குச் செய்துகொள்ளலாம், பிரிவு இன்றைக்கே நடந்தாகவேண்டும். சினையாக இருக்கும் பெண் முயல் பிரசவத்துக்கு முன் வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு அலைவதும், தன் மார்பிலும் வயிற்றிலும் உள்ள ரோமத்தைப் பிடுங்கி மூலையில் குவிப்பதும் முன்னறிவிப்பு. அதைக் கண்ட அன்றே பிரித்துவிட்டால் இன்னும் உத்தமம். (ஆணே இல்லாமல் இரண்டு பெண் முயல் மட்டும் இருக்கிற கூட்டிலும் சில சமயம் இப்படி ரோமம் பிடுங்குவதுண்டு. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தூண்டுதலால் உண்டாகும் பொய்ச்சினை அது. இரண்டரை வாரத்தில் தானே தணிந்துவிடும்.)

அடுத்து, குட்டிகளைப் பற்றிய பயம். தாய் கூட்டின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டு குட்டிகளைத் திரும்பிப் பாராமல் இருப்பதைக் கண்டு, தாய் கைவிட்டுவிட்டது என்று பதறி, பசும்பாலைத் துணியில் நனைத்துப் புகட்டத் தொடங்குகிறார்கள் நல்ல மனம் படைத்த பலர். அந்தப் பால் நுரையீரலில் இறங்கியே பல குட்டிகள் மாண்டுபோகின்றன. முயல் தன் குட்டிகளுக்குப் பால் கொடுப்பது நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, அதுவும் மூன்று நாலு நிமிஷமே, பெரும்பாலும் வீடு உறங்கும் இரவிலோ விடியற்காலையிலோ. மற்ற நேரமெல்லாம் அது விலகியிருப்பது குட்டிகள்மேல் உள்ள அக்கறையாலேதான்; வளை வாழ்க்கையில், தாய் அருகிலேயே இருந்தால் அதன் வாசனை பகைவனுக்கு வழிகாட்டிவிடும். காலையில் சுத்தமான கையால் குட்டியை எடுத்துப் பார்த்து, வயிறு உருண்டு தோல் மினுமினுப்பாக இருந்தால் தாய் வந்துபோயிருக்கிறது என்று அறியலாம். தோல் சுருங்கி, தொட்டதும் வாயைத் தூக்கிக்கொண்டு துடிக்குமானால் பால் கிடைக்கவில்லை என்று அறியலாம். மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்பது, வீட்டாரோடு பழகிய முயலைப் பொறுத்தவரை, ஆதாரமற்ற அச்சம். நம் பிரதேசத்தில் பச்சைக் குட்டிக்கு உண்மையான யமன் எறும்பு. கூட்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தாத வீட்டில் ஓர் இரவில் ஈற்று முழுவதும் போய்விடுவதுண்டு. பத்து அல்லது பன்னிரண்டாம் நாள் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் ரோமமெத்தையை விட்டு வெளியே வந்து தழை கொறிக்கும். ஆறாம் வாரத்தில் பால் மறக்கச் செய்யலாம்.

ஆறாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் இரண்டாவது பெரிய காரியம் இருக்கிறது. குட்டிகளில் ஆண் எது, பெண் எது என்று பிரித்தறிந்து வெவ்வேறு கூடுகளில் விடவேண்டும். மிகச் சிறு வயதுக் குட்டிகளில் பழகியவர்களின் கண்ணும் ஏமாறும். ஆகவே ஒரு தடவை பார்த்ததோடு நில்லாமல் மறுபடியும் பார்க்கவேண்டும். குட்டியை மடியில் மல்லாத்தி, அடிவயிற்றுக்குக் கீழே மென்மையாக விரலால் அழுத்தினால், ஆணுக்கு வட்டமான சிறு குழல்போல் முனை தோன்றும். பெண்ணுக்கு நீண்ட பிளவாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் ஆணின் விரைகள் இறங்கிவிடுவதால் அப்போது ஐயம் தீரும். மூன்று மாதம் நிறைந்த பிறகும் ஆணும் பெண்ணும் கலந்திருக்கும் கூட்டில், தாய் என்றும் தங்கை என்றும் முயல் பார்ப்பதில்லை. ஆண்களை மட்டும் ஒன்றாக விட்டாலும் பருவம் வந்தபின் ஒன்றையொன்று கடித்து விரையைக் கிழிக்கும் அளவுக்குச் சண்டை மூளும். அவற்றுக்குத் தனித்தனிக் கூடு வேண்டியிருக்கிறது. பெண்களோ, சிறுவயது முதல் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஒத்துவாழும்.

இங்கே கோடையைப் பற்றி ஒரு வார்த்தை. கடும் வெப்பத்தில் ஆண் முயலின் வித்து வலிமை குன்றி, சில வாரங்கள் அது மலடுபோல் இருப்பதுண்டு. பங்குனி, சித்திரையில் ஜோடியை வாங்கி, இரண்டு மாதமாகக் குட்டியில்லை, இரண்டும் பெண்தான் போலும் என்று நிச்சயித்துக்கொண்டவர்கள், இடவப்பாதி மழை பொழிந்து பூமி குளிர்ந்த பின்பு ஆடியில் திடுக்கிடுவது இதனாலேயே. குட்டி பிறக்கவில்லை என்பதை வைத்து ஆண், பெண் என்று நிர்ணயிக்கக்கூடாது, பார்த்துத்தான் நிர்ணயிக்கவேண்டும்.

கூட்டம் பெருகியபின் அன்றாடத் தொல்லையாக நிற்பது தீனி. இவ்விஷயத்தில் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களுக்கு விசேஷமான எச்சரிக்கை ஒன்று உண்டு. இதை அழுத்தமாகவே எழுத விரும்புகிறேன். நம் கண்ணெதிரே மிக மலிவாகக் கிடைக்கும் பச்சை இரண்டு: மரச்சீனி இலை, ரப்பர் இலை. இரண்டிலும், மென்றவுடன் சயனைடு என்னும் கொடிய விஷத்தை வெளியிடும் சத்து இருக்கிறது. பச்சை மரச்சீனி இலையை மேய்ந்த ஆடு நுரைதள்ளிச் செத்ததை அறியாத கிராமம் இங்கே இல்லை. ஆட்டையே வீழ்த்துவது இரண்டு கிலோகூட நிறையாத முயலை விட்டுவைக்குமா? நறுக்கி வெயிலில் நன்றாக உலர்த்தினால் அந்த நஞ்சு பெருமளவு நீங்கும் என்பது மெய்யானாலும், மழை விட்டுவிட்டுப் பெய்யும் நம் ஊரில் அரைகுறையாக வாடியதை உலர்ந்ததென்று எண்ணிவிடும் அபாயம் இருப்பதால், வீட்டில் வளர்ப்பவர் அதைத் தொடாதிருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். மரச்சீனிக் கிழங்கின் தோலும், அரளியும், ஊமத்தையும், உண்ணிச்செடியும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

தாராளமாகக் கொடுக்கத்தக்கவை நம் விளையிலேயே வளர்கின்றன: அருகம்புல், கினியாப்புல், பலா இலை, செம்பருத்தி இலை, வேலியில் நிற்கும் கல்யாணமுருங்கை. முருங்கைக் கீரை அளவோடு. முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பது. நார் மிகுந்த புல்லையும் வைக்கோலையும் ஓயாமல் அரைத்தால்தான் அது தேயும், குடலும் அசைந்துகொண்டிருக்கும். ஆகையால் சோறும் பிஸ்கட்டும் ரொட்டியும் அன்பளிப்பாகத் தோன்றினாலும் அதற்குக் கேடு. காரட்டும் படங்களில் காண்பது போல் ஆகாரமன்று, துண்டளவு தின்பண்டமே. மழையில் நனைந்த தழையைச் சற்று ஈரம் உலரவிட்டே போடவேண்டும். முயலுக்கு வாந்தியெடுக்கும் சக்தி இல்லை. உள்ளே போனது குடலையே கடந்தாகவேண்டும். பகலெல்லாம் ஒன்றும் தின்னாமல் ஒடுங்கிக் கிடக்கிற முயலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இரண்டு மழைக்காலமும் பொழியும் பிரதேசம் நம்முடையது. நெரிசலும் ஈரமும் கூடினால், குட்டிகளைக் கழிச்சலில் கொண்டுபோகும் காக்சிடியா நோயும், காதிலும் மூக்கிலும் பொருக்குத்தட்டும் சொறியும் கூட்டம் முழுவதற்கும் பரவும். சொறிக்கு நாய்க்குத் தெளிக்கும் உண்ணி மருந்தைத் தெளித்துவிடுவோர் உண்டு. அவற்றுள் ஃபிப்ரோனில் கலந்தது முயலின் உயிரையே வாங்கும். மனிதருக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் போன்ற மருந்தை வாய்வழி கொடுத்தாலும் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயல் இறக்கும். வைத்தியம் கால்நடை மருத்துவருடையதாகவே இருக்கட்டும்.

பெருக்கத்துக்கு நிரந்தரமான பரிகாரம் சஸ்திர சிகிச்சை. ஆணுக்கு விரை நீக்குவது எளிது. பெண்ணுக்குக் கர்ப்பாசயத்தை நீக்குவது அதைவிடப் பெரிய காரியம். ஆனால் வயது ஏறிய பெண் முயல்களுக்குக் கர்ப்பாசயப் புற்று அடிக்கடி வருவதால் அதற்கு வேறொரு பிரயோசனமும் உண்டு. முயலுக்கு மயக்கமருந்து கொடுப்பதில் பழகிய மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. முயலுக்குச் செய்து பழக்கமுண்டா என்று கேட்டறிந்த பிறகே ஒப்படைக்கவேண்டும். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதும், திருவனந்தபுரம் அண்மையில் இருப்பதும் குழித்துறைக்காரர்களுக்கு ஒரு வசதி. நாயை அறுவைக்கு முன் பட்டினிபோடுவதுபோல் முயலைப் பட்டினிபோடக்கூடாது. சிகிச்சையான அன்றே ஆணைப் பெண்ணோடு விட்டுவிடவும் கூடாது. முன்பே உண்டான வித்து ஒரு மாதம் வரையில் பலிக்கக்கூடியது, ஆறு வாரம் பொறுப்பது பத்திரம்.

சிலர் மனமிரங்கி, எங்காவது பிழைத்துப்போகட்டும் என்று ரப்பர் தோட்டத்திலோ ஆற்றங்கரைப் புதரிலோ முயல்களை விட்டுவிடுகிறார்கள். வெள்ளை வெளேரென்ற, மனிதக் கையைக் கண்டால் அருகே வருகிற அந்தப் பிராணி, தெரு நாய்க்கும் மரநாய்க்கும் மலைப்பாம்புக்கும் இடையில் ஓர் இரவு தங்குவதே அரிது. அதை விடுதலை என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

இறைச்சிக்கென்று முயல் வளர்ப்பதை நம் மாவட்டத்தில் பலர் தொழிலாகவே செய்கிறார்கள். அதில் மறைக்கவேண்டியது ஒன்றுமில்லை. கோழி வளர்ப்பையும் தேனீ வளர்ப்பையும் ஏழைக் குடும்பங்களின் உபதொழிலாக்க, 1920-களிலும் 30-களிலும் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனருத்தாரண நிலையத்தை மார்த்தாண்டத்தில் நடத்திய ஸ்பென்ஸர் ஹாட்சின் முயற்சியால், சிறு பிராணி வளர்ப்பு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்லாமல் ஆயிற்று. தொழிலாகச் செய்ய விரும்புகிறவர் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தையோ, நீலகிரியில் சாந்திநல்லாவில் உள்ள நிலையத்தையோ அணுகி இனமும் முறையும் அறிந்து தொடங்கலாம். ஆனால் பிள்ளைகள் பெயரிட்டு மடியில் வைத்துச் சீராட்டிய முயலை, அவர்கள் பள்ளிக்குச் சென்ற நேரத்தில் விற்றுவிட்டு, ஓடிப்போயிற்று என்று சொல்லுவது வேறு காரியம். எது செல்லப்பிராணி, எது விற்பனைக்கு என்பதைத் தொடக்கத்திலேயே பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசி நிச்சயித்துக்கொள்ளும் வீடுகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

மிஞ்சிய குட்டிகளுக்கு நல்ல வீடு தேடுவது நடக்கக்கூடிய காரியமே. அதற்குக் கேட்டு வருபவர்களிடம் சற்று விசாரிக்கும் துணிவு வேண்டும். முயல் எட்டு ஆண்டும் அதற்கு மேலும் வாழக்கூடியது என்பதை அவர்களுக்குச் சொல்லவேண்டும். வாழைக்கும் காய்கறிக்கும் முயற்புழுக்கை சிறந்த உரம் என்பதால், விளை உள்ள வீட்டார் விருப்பத்தோடு ஏற்பார்கள். குட்டிக்கு எட்டு வாரமாவது நிறைந்திருக்கவேண்டும்; பிறந்த தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால், மூன்று மாதம் நிறையும் நாளை அவர்களே கணக்கிட்டுக்கொள்வார்கள். துணைக்கென்று கேட்பவர்களுக்கு, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் குட்டிகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டில் ஆண் முயல் இருக்குமானால், பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு நாழிகை நேரம்கூட இவற்றை அதனோடு விளையாட விடவேண்டாம் என்பதையும், கொடுக்கும்போதே சொல்லியனுப்பவேண்டும்.